மெக்கானிக் மட்டும் நல்லவர்

வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இன்னும் ஷோரூமிலிருந்து போன் வருகிறது. எந்த போல்ட் என்ன சைஸ், பழைய கிளட்ச் வயர் எந்த அலமாரியில் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். போன வாரம் இரண்டு மெக்கானிக்குகள் அடுத்தடுத்த நாளில் கேட்டது வேறு விஷயம்.

"அண்ணே, ஒரு கஸ்டமர் நம்ம வண்டியப் பத்தி நெட்டுல போட்டுருவேன்னு மெரட்டுறாரு. அந்த ராவுத்தர் கேஸுல நீங்க என்ன பண்ணீக?"

ஒரே கேள்வியை ஒரே வாரத்தில் இரண்டு பேர் கேட்டால், பின்னால் மூன்றாவதாக ஒருவர் இருந்து கேட்கச் சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தக் கேஸில் வந்து ஒட்டிக்கொண்ட வியாதி இது. என் சம்சாரம் "சாப்பிட்டீகளா" என்றால்கூட, எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். போனில் சொன்னால் ரெக்கார்டு பண்ணிவிடுவார்கள். எழுதிவிட்டால் எழுதினது மட்டும்தான். அதனால் எழுதுகிறேன்.

தேனி பஜாரில் ஒரு கதை உலவுகிறது. நான் ராவுத்தரிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டுக் கம்பெனியைக் காட்டிக்கொடுத்தேனாம். உத்தமபாளையத்தில் உலவும் கதையில் நான் பெரிய நியாயஸ்தன். இரண்டும் பொய். இரண்டாவது பொய் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம், மதுரையில் லாரிப் பட்டறையில் பன்னிரண்டு வருடம். என் படிப்பு அதோடு முடிந்தது. 1996-இல் ஜெபராஜ் அண்ணாச்சி தேனியில் பவர் டில்லர் ஏஜென்சி எடுத்தபோது மெக்கானிக்காகச் சேர்ந்தேன். பின்னால் நடந்துகொண்டே கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் உழவு வண்டி அது. சேற்றுழவுக்கு மாட்டின் இடத்தில் வந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து வருசநாடு வரைக்கும் எங்கே எந்த வண்டி நின்றாலும் நான்தான் போக வேண்டும். மெக்கானிக், சீனியர் மெக்கானிக், சர்வீஸ் இன்சார்ஜ் என்று பட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பை அதே பைதான், ஸ்பேனரும் அதே ஸ்பேனர்தான். வண்டி சரியாகாவிட்டாலும் கஸ்டமரைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவேன் என்பது என் மேல் முதலாளி வைத்திருந்த நம்பிக்கை. இந்த வாயால்தான் பின்னால் எல்லாம் வந்தது.

கூப்பன் சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

புது வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். அதில் மூன்று இலவச சர்வீஸ் கூப்பன். ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும், 'வேலை திருப்தி' என்று அச்சடித்திருக்கும் வரிக்குக் கீழே விவசாயி கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி சட்டம் அப்படி. வயலில் அது நடக்காது. சர்வீஸ் முடியும்போது வண்டிக்காரர் மடையைத் திருப்பப் போயிருப்பார், அல்லது இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சேறாக இருக்கும், அல்லது பேனா எழுதாது. ஆகவே நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். டெலிவரி அன்றைக்கே மூன்றிலும் வாங்கிவிடுவது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, எல்லோரும் வண்டியைத் தொட்டுக் கும்பிடுகிற நேரத்தில் மனுஷன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான். "இங்கன ஒன்னு, இங்கன ஒன்னு, இங்கன ஒன்னு" என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பேன்.

பிறகு மாதக் கடைசியில் ஒரு மதியம் உட்கார்ந்து நானே தேதி போடுவேன். நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று, மாற்றி மாற்றி. கூப்பன் ரொம்பச் சுத்தமாக இருந்தால் கோயம்புத்தூர் கம்பெனி ஆபீஸில் சந்தேகப்படுவார்கள் என்று, கட்டைவிரலில் கொஞ்சம் கிரீஸைத் தொட்டு ஓரத்தில் ஒரு ரேகை வைத்துவிடுவேன். பார்க்கிறவருக்கு வயலில் நின்று வாங்கினது போலவே இருக்கும். இந்த வேலையில் என்னை அடிக்க ஆள் கிடையாது. கம்பெனியில் ஒரு வருடம் 'சிறந்த ஆவணப் பராமரிப்பு' என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

கேடயம் கொடுத்தவர் ரகு சார். கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர். மாதம் ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வருவார். தூய வெள்ளைச் சட்டை. பதினான்கு வருடத்தில் அந்தச் சட்டையில் ஒரு சொட்டு ஆயிலை நான் பார்த்ததில்லை. காபி குடிக்கச் சொந்த டம்ளர் கொண்டுவருவார். எழுதுவது பென்சிலால்தான். ஒருவரைக்கூடக் குரலை உயர்த்தித் திட்டியது கிடையாது. அவர் திட்டினால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்கு உறைக்கும்.

ஒருமுறை, செய்த வேலையைக் குறித்துவைக்கும் என் ஜாப் கார்டைப் பார்த்துவிட்டு, 'பல்சக்கரம் உடைந்தது' என்று நான் எழுதியிருந்ததன் மேல் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார்.

"உடைஞ்சதுன்னு எழுதாதீங்க, சுருளி. தேய்ஞ்சதுன்னு எழுதுங்க."

"ரெண்டு துண்டாக் கெடக்கு சார்."

"ரெண்டு துண்டாத் தேய்ஞ்சதுன்னு எழுதுங்க. உடைஞ்சா நாம பொறுப்புங்க. தேய்ஞ்சா அவர் ஓட்டுனதுங்க."

அதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் நடத்தவில்லை. அதற்குப் பிறகு என் கார்டுகளில் பள்ளத்தாக்கு முழுக்க எல்லாம் தேய்ந்துகொண்டே இருந்தது. ஒன்றும் உடையவில்லை.

காதர் மீரான் ராவுத்தர் உத்தமபாளையத்துக்காரர். ஆற்றுப் பாசனத்தில் இருபோக நெல் வயல். 2008-இல் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்த சமயம் எங்களிடம் வண்டி வாங்கினார். அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். எங்கள் பக்கத்தில் அது சகஜம். பாத்திஹா ஓதி வண்டியை எடுத்தார். மூன்று கையெழுத்தும் போட்டார்.

மூன்றாவது வாரமே போன். "மாப்ளே, வண்டி முனங்குது."

போய்ப் பார்த்தேன். கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் ஆயில் போல்ட்டைக் கழற்றி, முதல் ஒழுக்கை உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். நல்ல ஆயில் தேன் மாதிரி விழும். இது டீ மாதிரி விழுந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வழுக்கவில்லை, பிசுபிசுத்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது. சக்கரம் மாட்டுகிற அச்சு வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல் ஒன்று இருக்கும். ஆயிலை உள்ளேயும் சேற்றை வெளியேயும் வைப்பது அதுதான். வண்டியைக் கட்டை கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை உருவி, சீலை நெம்பி எடுத்து, உதட்டை நகத்தால் வருடிப் பார்த்தேன். புது சீல் என்றால் நகம் தாண்டிப் போகும்போது எதிர்த்து நிற்கும். இது அப்படியே மடங்கிக் கிடந்தது. மூன்று வாரத்தில் அப்படி ஆகக்கூடாது. புதுசை எடுத்து, உதட்டில் கிரீஸ் தடவி, மேலே மரக்கட்டை வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன். ஆயில் மாற்றினேன். வண்டி போனது.

அடுத்த மாதம் மறுபடி அதே டீ. அந்த வருடம் வந்த பெரும்பாலான வண்டிகளில் அதேதான். ரகு சாருக்குப் போன் போட்டேன்.

"எந்த வண்டி வந்தாலும் பேசாம சீலை மாத்திருங்க. கார்டுல ஏத்த வேண்டாங்க. அவுங்களாக் கேட்டாச் சொல்லலாம். கேக்காட்டி நாமளாச் சொல்ல வேண்டாம்."

"கேட்டா என்னான்னு சார் சொல்றது?"

"கேக்காத மாதிரி பாத்துக்கங்க."

ராவுத்தர் வண்டி இரண்டாம் போகத்தில் மொத்தமாக நின்றது. வயல் நடுவில், பாதி உழவில். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடி ஓடி, பேரிங்கும் பல்சக்கரமும் போய்விட்டன. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வாரண்டியில் கியர்பாக்ஸ் கேட்டு எழுதினோம். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: கஸ்டமர் அளவுக்கு மீறிய ஆழச் சேற்றில் ஓட்டியிருக்கிறார், கம்பெனி பொறுப்பில்லை. ராவுத்தர் வாடகை வண்டி பிடித்து மிச்சத்தை உழுது, நடவை முடித்துவிட்டு, முன்பே ஏற்பாடு செய்திருந்தபடி ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். வழியனுப்பு விருந்துக்கு நானும் போய் நன்றாகச் சாப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் இலையையே பார்த்துச் சாப்பிட்டேன். அதனால் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டுவிட்டேன்.

அவர் திரும்பி வந்து ஒரு மாதம் இருக்கும். அண்ணாச்சி ஒருநாள் காலையில் என்னைக் கடைக்குள்ளே விடாமல் அப்படியே எதிரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். ஒரு ஆள் உட்காரும் தடுப்புக்குள் நாங்கள் இரண்டு பேரும், இரண்டு தொப்பையும். திரையை இழுத்துவிட்டார். கம்ப்யூட்டரில், எந்தப் பொருளைப் பற்றியும் யாரும் குறை எழுதலாம் என்று ஒரு இடம். அங்கே எங்கள் வண்டியின் போட்டோ. கீழே இங்கிலீஷில் நீளமாக எழுதியிருந்தது. பக்கத்துத் தடுப்புக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அண்ணாச்சி என் காதுக்குள் தமிழில் சொன்னார்.

"கம்பெனிக்காரங்க திருடங்களாம். நான் அவுகளுக்குத் தொணை போற திருடனாம். இந்த வருசம் வந்த சீலு லாட்டு முழுக்கக் கோளாறு, அது கம்பெனிக்கே தெரியுமாம். இந்தக் கடைசி வரிய நீயே படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். மெக்கானிக் திரு. சுருளி மட்டும் நல்லவர் என்று இருந்தது.

நூறு திட்டு இருந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"கம்பெனி திருடன், நான் திருடன். ஒன்னைய மட்டும் நல்லவன்னு எழுதியிருக்கே, எப்புடிப்பா?"

"பழக்கதோசம் அண்ணாச்சி."

"யாருக்கு?"

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "லாட்டு சமாச்சாரம் இந்தக் கடையில தெரிஞ்சது மூணு பேருக்கு. நான் ஒன்னு. ஸ்பேர்ஸ் பாக்குற தனபாலு ரெண்டு." பிறகு மூன்றாவது விரலை நீட்டினார். அந்த விரல் எனக்கு நேராக இருந்தது.

நான் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணினேன். பண்ணும்போது உண்மையாகவே நம்பித்தான் பண்ணினேன். அப்படியானால் தனபால்தான். யோசிக்க யோசிக்க எனக்கு உறுதியாகிவிட்டது. அவன் அந்த மாதம்தான் புது செல்போன் வாங்கியிருந்தான். பிரவுசிங் சென்டர்காரனுக்கு வணக்கம் வைக்கிறான். அவனுக்கு என் மேல் அதே அளவு உறுதி. அவன் போன் பேசினால் நான் ஸ்பேனர் தேடுவது போலப் பக்கத்தில் போவேன். நான் பேசினால் அவன் நட்டு பொறுக்குவது போல வருவான். இரண்டு வாரம் கடையில் ஒரு பொருள்கூடத் தொலையவில்லை. அவ்வளவு தேடினோம்.

அதற்குள் ரகு சார் ஒரு காகிதத்தோடு வந்தார். கம்பெனி வக்கீல் அனுப்பியிருந்த நோட்டீஸின் நகல். எழுதியதைப் பதினைந்து நாளில் எடுக்க வேண்டும், அதே இடத்திலும் பேப்பரிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் மானநஷ்ட வழக்கு, சிவிலிலும் கிரிமினலிலும். நோட்டீஸ் ராவுத்தர் பேருக்கு இல்லை. எழுதிய மெயில் ஐ.டி. யாருடையதோ அவர் பேருக்கு: ஷாஹிதா. ராவுத்தரின் மகள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்து அப்போது ஆறு மாதம்தான்.

"நீதான் நல்லவனாச்சே," என்றார் அண்ணாச்சி. "நீ போய் எடுக்கச் சொல்லு."

ராவுத்தர் வாசலிலேயே நிறுத்தினார். "மாப்ளே, செல்ல எடுங்க." வாங்கினார். அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே வைத்து மூடி, மேலே ஒரு தலையணையும் வைத்தார். "கோவிச்சுக்கிறாதீக. இப்ப எல்லாத்துலயும் ரெக்கார்டு ஆகுதாம்ல."

"என் செல்லுல பேசுறதே கேக்காது மாமா."

"அதான் எனக்குச் சந்தேகம்."

டீ வந்தது. அவர் குடிக்கும் வரைக்கும் நான் குடிக்கவில்லை. நான் குடிக்கவில்லை என்பதை அவரும் பார்த்தார்.

"அந்த லாட்டு விசயத்த ஒங்களுக்கு யாரு மாமா சொன்னது? தனபாலு தானே?"

"தனபாலா? அது யாரு?" ராவுத்தர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "யோவ், நீருதான்யா சொன்னீரு! ரெண்டாவது தடவ சீலு மாத்துறப்ப, வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு. 'கவலப்படாதீக மாமா, ஒங்களுக்கு மட்டும் இல்ல, வந்த லாட்டே வயித்தால போற லாட்டு, கம்பெனிக்கே தெரியும்'னீரு. ஊரே சிரிச்சுச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிரித்தவர்களின் முகம்கூட ஞாபகம் வந்தது. நல்ல ஜோக் என்று அன்றைக்குத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

ஷாஹிதா உள்வாசலில் நின்றிருந்தது. நோட்டீஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தது. "அண்ணே, போலீசு ஸ்கூலுக்கு வருமாண்ணே? கேஸுன்னு வந்தா என்னைய நிறுத்திருவாக. இன்னும் கன்ஃபார்ம் பண்ணல."

"எடுத்துரும்மா. எடுத்துட்டா முடிஞ்சது."

"எடுத்தா மட்டும் முடியலல்ல மாப்ளே," என்றார் ராவுத்தர். "நாங்க எழுதுனது பொய்யின்னு பேப்பர்ல போடணுமாம். எம்புள்ள பொய் சொல்லிச்சுன்னு எம்புள்ளையே கையெழுத்துப் போடணுமாம். ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்து ரெண்டு மாசங்கூட ஆகல. வண்டி நின்னது பொய்யா? நீரு சொல்லும்."

"பொய் இல்ல மாமா."

"அத அங்கன போயிச் சொல்லும்."

அரிசி டிரம்மிலிருந்து செல்லை எடுத்துக் கொடுத்தார். பட்டனுக்கு நடுவில் அரிசி சிக்கியிருந்தது.

மறுநாள் ரகு சார் ஷோரூமின் உள்ளறையில் காத்திருந்தார். அண்ணாச்சியும் இருந்தார். மேஜையில் டைப் அடித்த வாக்குமூலம். அதோடு ராவுத்தரின் மூன்று கூப்பன்களின் நகல். வாக்குமூலத்தில் என் பேரில் எழுதியிருந்தது இதுதான்: மூன்று சர்வீஸும் அந்தந்தத் தேதியில் என்னால் செய்யப்பட்டன. கஸ்டமர் வண்டியை ஓட்டிப் பார்த்து, என் முன்னால் திருப்தி என்று கையெழுத்திட்டார். ஒருபோதும் குறை சொன்னதில்லை.

"மூணு தடவை திருப்தின்னு எழுதிக் குடுத்தவரு, வெளிய போய்த் திருடன்னு எழுதலாமுங்களா?" என்றார் ரகு சார். பென்சிலை என்னிடம் நீட்டாமல், பேனாவை நீட்டினார். "ஒரு கையெழுத்துங்க. மிச்சம் வக்கீல் பாத்துக்குவார்."

கூப்பன்களைப் பார்த்தேன். மூன்றாவது நகலில் என் கட்டைவிரல் ரேகை அழகாக விழுந்திருந்தது. அதற்கு மேலே நான் நீலப் பேனாவில் போட்ட தேதி. பக்ரீத்துக்கு இரண்டு நாள் முந்தின தேதி.

"சார், இந்தத் தேதியில ராவுத்தர் மக்காவுல இருந்தாரு."

அண்ணாச்சி எழுந்து வந்து பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தப்பித்தேன். என் திருட்டுத்தனமே என்னைக் காப்பாற்றிவிட்டது. பாஸ்போர்ட் ஒன்று போதும், இந்தக் கேஸ் நிற்காது. ரகு சார் காபியை ஒரு மடக்குக் குடித்தார்.

"நீங்க மக்காவுக்குப் போய் சர்வீஸ் பண்ணீங்களா, சுருளி?"

"பஸ்ஸு இல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது கூப்பனை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். வாக்குமூலத்தில் 'மூன்று' என்று இருந்த இடத்தில் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டு 'இரண்டு' என்று எழுதினார்.

"இந்த ரெண்டு தேதியிலும் அவர் ஊர்லதானுங்களே இருந்தார்? டைப் அடிச்சு நாளைக்கு அனுப்பறேன்."

அவ்வளவுதான். என் சந்தோஷம் ஒரு மடக்குக் காபி நேரம் இருந்தது. அந்த இரண்டு கூப்பனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, சாட்சி கிடையாது. நான் ஒருவன்தான். நான் ஆமாம் என்றால் அந்தப் பெண் பொய்க்காரி. இல்லை என்றால், பதின்மூன்று வருடமாக நான் தேதி போட்ட அத்தனை கூப்பனும் என் தலையில் வந்து விழும்.

அண்ணாச்சி என்னைத் தனியாக வெளியே கூட்டிவந்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். "சுருளி, ஏஜென்சி போச்சுன்னா இருபது பேரு குடும்பம் நடுத்தெருவுல. நீ ஒன்னும் புதுசாப் பொய் சொல்லல. ஏற்கனவே எழுதுனததான் ஆமாங்குற."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பொய்யை நான் எப்போதோ சொல்லி முடித்துவிட்டேன். கிரீஸ் வைத்து, கேடயமும் வாங்கிவிட்டேன். இப்போது அது ஆள் தேடி உத்தமபாளையத்துக்குப் போயிருக்கிறது.

மறுநாள் காலையில் வயிறு சரியில்லை என்று லீவு சொன்னேன். அது மட்டும் உண்மை. கம்பம் பஸ் ஏறினேன். பின்னால் தனபால் வருகிறானா என்று இரண்டு ஸ்டாப்பில் இறங்கி ஏறினேன். மூன்றாவது ஸ்டாப்பில் கண்டக்டர், "அண்ணே, நீங்க பஸ்ஸுல வர்றீகளா, பஸ்ஸு கூட வர்றீகளா?" என்றார்.

ராவுத்தரும் ஷாஹிதாவும் உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரில் வக்கீலம்மா ஒருவரைப் பிடித்திருந்தார்கள். நான் போய் நின்றபோது மூன்று பேருமே என்னை நம்பவில்லை. வக்கீலம்மா முதல் கேள்வியே, "கம்பெனி அனுப்புச்சா?" என்றார். கூப்பன் கதை முழுவதையும் சொன்னேன். பூஜை, மூன்று கையெழுத்து, இரண்டு பேனா, கட்டைவிரல். சொல்லும்போது எங்கேயும் ஜோக் வரவில்லை. ராவுத்தர் தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும், "பாத்திஹா ஓதுறப்ப வாங்குன கையெழுத்தா மாப்ளே அது?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"இத எழுதிக் குடுப்பீகளா?" என்றார் வக்கீலம்மா. "குடுத்தா நீங்களும் மாட்டுவீக. வேல போகும். கம்பெனி ஒங்க மேல கேஸு போட்டாலும் போடும். தெரியும்ல?"

"தெரியும்மா."

"பின்ன ஏன் குடுக்குறீக?" அவருக்கு இன்னும் சந்தேகம்.

"இந்தப் புள்ள என்னைய நல்லவன்னு எழுதிருச்சும்மா. அதுல இருந்து தூக்கம் இல்ல" என்றேன்.

எழுதிக் கொடுத்தேன். மூன்று கையெழுத்தும் டெலிவரி அன்றே வாங்கியவை, தேதியும் ரேகையும் என்னுடையவை, வண்டி மூன்று தடவை பழுதானது, சீல் கோளாறு என்று நான் கம்பெனிக்குச் சொன்னேன். 'தேய்ந்தது' என்று ஒரு இடத்தில் கை தன்னால் எழுதிவிட்டது. அடித்துவிட்டு 'உடைந்தது' என்று எழுதினேன்.

பிறகு வக்கீலம்மா, ஷாஹிதா எழுதியதன் பிரிண்டை எடுத்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தார். "வண்டி நின்ன தேதி இருக்கு, இருக்கட்டும். போட்டோ இருக்கட்டும். கம்பெனி லெட்டர் இருக்கட்டும். இந்தா, திருடன்னு ரெண்டு எடத்துல. இத ஒன்னால நிரூபிக்க முடியுமா?"

"ஏமாத்துனது உண்மைதானே மேடம்?"

"அது ஒன்னோட வயித்தெரிச்சல். கோர்ட்டுல வயித்தெரிச்சலுக்கு ரசீது கேப்பாக. நடந்தத மட்டும் எழுது. அது உண்மையா இருக்கணும், இன்னொரு விவசாயி படிச்சா அவனுக்கு உபயோகமா இருக்கணும். அப்ப தைரியமா நிக்கலாம்." இரண்டு திருடனையும் அடித்தார். கடைசி வரிக்கு வந்தார். மெக்கானிக் மட்டும் நல்லவர். அதையும் அடித்தார்.

"அது கெட்டது ஒன்னும் இல்லையே மேடம்," என்றது ஷாஹிதா.

"இதுக்கும் ஆதாரம் இல்ல" என்றார் வக்கீலம்மா, என்னைப் பார்க்காமலே.

ராவுத்தர் முதலில் சிரித்தார். அடுத்து நான் சிரித்தேன். அன்றைக்குத்தான் அவர் முன்னால் டீயை யோசிக்காமல் குடித்தேன்.

திருத்திய குறை நெட்டில் அப்படியே நின்றது. என் வாக்குமூலத்தோடு பதில் நோட்டீஸ் போனது. கம்பெனியிலிருந்து ஒரு வரி வரவில்லை. பதினைந்து நாள் போனது, இரண்டு மாதம் போனது. ஒருநாள் ஷோரூமுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. புது கியர்பாக்ஸ். உள்ளே கடிதம் எதுவும் இல்லை. மேலே ராவுத்தரின் வண்டி நம்பர் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது. நான்தான் கொண்டுபோய் மாட்டினேன். ஷாஹிதாவை அந்தக் கோடையில் வேலையில் நிரந்தரமாக்கினார்கள். அந்தப் பிள்ளை எழுதிய குறைக்குக் கீழே மற்ற ஜில்லாக்காரர்கள் 'எனக்கும் அதே சீல்' என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள். 'நான் இந்த வண்டியை ஐந்து வருடமாக ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மாடல் வந்தே அப்போது நாலு வருடம்தான் ஆகியிருந்தது.

என்னை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. முதலில் வயலுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். பிறகு கூப்பன் புத்தகத்தைத் தனபாலிடம் கொடுத்தார்கள். ரகு சார் வந்தால் என்னிடம் உடம்பைப் பற்றி மட்டும் விசாரிப்பார். எல்லோரும் என் முழங்கால் வலியைப் பற்றி அக்கறையாகப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அதுவரைக்கும் முழங்கால் வலி கிடையாது. ஒரு வருடம் கேட்டுக் கேட்டு உண்மையிலேயே வலி வந்துவிட்டது. 2010-இல் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணாச்சி சால்வை போர்த்தினார். கண் கலங்கியது. யாருடையது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

இதை எழுதி முடித்ததும் வக்கீலம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கிரிமினல் வழக்குப் போட மூன்று வருடம் வரைக்கும் அவர்களுக்கு நேரம் உண்டு என்று அவர்தான் முன்பே சொல்லியிருந்தார். அது இன்னும் முடியவில்லை. கம்பெனி பேரை நான் எழுதவில்லை. என் பேர் வரும் இடத்தில் எல்லாம் புள்ளி வைத்து, கடைசியில் 'ஓர் அனுபவஸ்தர்' என்று போட்டிருந்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"வண்டி என்ன கலருன்னு எழுதியிருக்கீக. இந்தப் பக்கம் அந்தக் கலருல ஒரே கம்பெனிதான். அத எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன்.

"மத்தது எல்லாம் நடந்ததுதானே?"

"நடந்ததும்மா."

"கோர்ட்டுல நிறுத்திக் கேட்டாலும் இதேதான் சொல்லுவீகளா?"

"இதேதான்."

அவர் காகிதங்களைத் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தார். "அப்ப எதுக்குப் புள்ளி? பேரு போட்டே அனுப்புங்க."

வெளியே வந்து, கோர்ட் வாசலில் ஒருவரிடம் பேனா கடன் வாங்கினேன்.

பெ. சுருளிச்சாமி
சர்வீஸ் இன்சார்ஜ் (ஓய்வு)